படுத்த சுவர்

சயான் கோலிவாடா, மூன்றாம் மாடி.
இரண்டாம் நாளாக விடாத மழை.
தண்டவாளத்தில் தண்ணீர் என்பதால்
நாலு பேரும் வந்த இடத்திலேயே மாட்டிக்கொண்டோம்.

மேசை மேல் கட்டம் போட்ட தாள்.
வேர்க்கடலை ஒவ்வொன்றும் ஓர் அரக்கன்.
எலுமிச்சம்பழம் அவர்கள் தலைவன்.
ஆறு அங்குல அடிக்கோல் என் சுவர்.
என் மந்திரக்காரிக்கு நொச்சி என்று பெயர்,
மதில் காப்பவர் சூடும் பூ.
ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பகலில் நான் அந்தேரி அலுவலகங்களுக்கு
ஜிப்சம் தடுப்பு விற்கிறேன்.
சதுர அடிக்கு இவ்வளவு, கதவு தனி.
படுத்திருக்கும் சுவரை
இதுவரை யாரும் கேட்டதில்லை.

முதல் சுற்று.
பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நிலோஃபர்,
ஒடிந்த ஈட்டி, உயிர்ப்புள்ளி நாலு.
பாலத்தைக் கடலைகள் அறுத்துவிட்டன.
"சுவர் மந்திரம்" என்றேன்.
"எங்கே எழுப்புறே?"
"எழுப்பலை. படுக்கப் போடுறேன்."

ஜெபசிங் விதிப்புத்தகத்தைப் புரட்டினான்.
காலையில் ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தியவன்,
வசனத்தில் இல்லாததை ஒப்ப மாட்டான்.
பத்தடி அகலம் என்று இருந்தது.
கண்ணுக்குத் தெரியாது என்று இருந்தது.
நிற்கும் என்று எங்கும் இல்லை.
செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி
காற்றின் மேல் நடந்து வந்தாள் நிலோஃபர்.
எதற்குக் கழற்றினாய் என்றால்
"வழுக்குமோன்னு."

அதிலிருந்து எனக்குப் பித்துப் பிடித்தது.
சுவரை வைத்துத்தான் சித்திரம் என்பார்கள்,
சித்திரம் யாருக்கு வேண்டும்?
இரண்டாம் சுற்றில் அதைக் கூரையாக்கினேன்.
மேலே அம்புகள் சடசடத்தன என்று ஜெபசிங் சொல்ல,
எதிர்வீட்டுத் தகரமும் சடசடக்க,
பாட்கர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினான்.
மூன்றாவதில் சாய்த்து வைத்தேன்.
பாட்கர் எண்ணெய் ஜாடியை உடைத்தான்.
ஓடி வந்த பதினோரு கடலையும்
சறுக்கித் தங்கள் அகழியிலேயே விழுந்தன.
விழுந்ததை எல்லாம் அவனே தின்றான்.

நாலாவதில் ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து
எலுமிச்சையின் மேல் கவிழ்த்தேன்.
உள்ளே கூடவே ஓர் ஐந்து ரூபாய் நாணயம்:
அவனுடைய ஓநாய்,
மூன்று நாளாக அவன் பட்டினி போட்டிருந்த ஓநாய்.
நான் யாரையும் தொடவில்லை.
இதை எழுதும்போது உறுத்துகிறது.
அங்கே உறுத்தவில்லை.

சுவரை வைத்தால் மட்டும் போதாது,
மனசுக்குள் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.
கவனம் பிசகினால் போச்சு.

அப்போது என் போன் அதிர்ந்தது,
மேசை மேல், குப்புற.
டம்ளர் அரைக் கட்டம் நகர்ந்தது.
எலுமிச்சை உள்ளே ஒரு புரள் புரண்டது.
ஜெபசிங் சொன்னான்: "பூகம்பம்."
"எங்க அண்ணன்டா."
"யாரா இருந்தா என்ன சண்பகம், பகடையைப் போடு."

போட்டேன். இருபது முகமும் உருண்டு
மேசை தாண்டி, பீரோவுக்கு அடியில்.
தரையில் கன்னம் பதித்து
டார்ச் அடித்துப் பார்த்தோம்.
ஒட்டடைக்குள் பத்தொன்பது.
"கீழே விழுந்தது செல்லாது."
"மேசை மேலன்னு புத்தகத்துல இருக்கா?" என்றாள் நிலோஃபர்.
இல்லை.
சுவர் நின்றது.

அழைப்பும் நின்றிருந்தது. செய்தி வந்திருந்தது:
'அம்பர்நாத் வீட்டுக்கு நடுவுல தடுப்பு போடணும்.
அண்ணி தொல்லை தாங்கல. ஹாலோட சரிபாதி.
உனக்கு அடக்க விலைக்குக் கிடைக்கும்ல?'

அந்த ஹாலின் நீளம் எனக்குத் தெரியும்.
பதினாறே கால் அடி.
யாரும் கேட்காமலே கணக்குப் போட்டது மனசு.
எழுபத்தைந்து மில்லிமீட்டர், ஒரு பக்கம் அப்பா கட்டில்,
மறுபக்கம் டிவி, அவர் பார்க்கும் டிவி.

"ஓநாய் ஓடாம உக்காந்திருக்கு" என்றான் ஜெபசிங்.
"அவனையே பாக்குது. என்ன செய்யப் போறே?"

கொஞ்சம் பொறு என்று கைகாட்டிவிட்டு
கட்டைவிரலால் தட்டினேன்:
'கிடைக்கும். கதவு வைக்கணும்.
கதவு என் கணக்கு.'